அப்பா எழுந்திருக்காத நாள்

“சர்க்கார் ஒரு வாட்டி இல்லன்னுட்டா இல்லதான். நீ நாலு வரி இங்கிலீஷ் எழுதினா மாத்திடுவானா, பாப்பா?” என்று கேட்டார் என் சித்தப்பா. கேலியாகக் கேட்கவில்லை. ஆக்லாந்துக்குக் கிளம்புவதற்காகப் பெட்டியைக் கயிற்றால் கட்டிக்கொண்டே, உண்மையான வருத்தத்தோடுதான் கேட்டார்.

ஃபிஜியில் இரண்டாயிரத்தில் எங்களைப் போல இந்திய வம்சாவளியில் வந்த பிரதமரின் ஆட்சியைக் கவிழ்த்தார்களே, அதற்கு அடுத்த வருடம் அது. நாங்கள் நகாசியில் தகரக் கூரை போட்ட இரண்டு அறை வீட்டில் வாடகைக்கு இருந்தோம். அதற்கு முன்பு ட்ரெகேட்டியில் குத்தகை நிலத்தில் நெல் போட்டுக்கொண்டிருந்தோம். அங்கே டிராக்டர் கவிழ்ந்து அப்பாவின் இடுப்பு எலும்பு முறிந்து, கோணலாகவே கூடிவிட்டது. குத்தகை முடிந்ததும் நிலத்தை விட்டுவிட்டு வந்தோம். அம்மா நாலைந்து வீடுகளில் துணி துவைத்தாள். வழி இருந்தவர்கள் எல்லாம் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து என்று போய்க்கொண்டிருந்தார்கள். எங்கள் தெருவில் பூட்டிய வீடுகளே அதிகம்.

அப்பாவும் அம்மாவும் பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. எங்கள் குடும்பத்தில் படித்த முதல் ஆள் நான். அந்தப் பெருமை எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே உண்டு. உடம்புக்கு முடியாதவர்களுக்கு அரசாங்கம் மாதாமாதம் தரும் உதவித்தொகைக்கு மனு எழுதிக் கொடுத்தது நான்தான். அது கிடைக்காவிட்டால் ஒரு கிடங்கில் இரவுக் காவலுக்குப் போவதாக அப்பா சொல்லிக்கொண்டிருந்தார். இரவெல்லாம் நின்றால் இந்த இடுப்பு ஒரு வருடம்கூடத் தாங்காது, பிறகு நடக்கவே முடியாது என்று டாக்டர் எச்சரித்திருந்தார்.

மனு தள்ளுபடியானது. ஏன் என்று கேட்க அலுவலகத்துக்குப் போனேன். ஜன்னலுக்குப் பின்னால் இருந்த பெண் கோப்பைப் புரட்டி, வீட்டுக்கு விசாரிக்க வந்த அதிகாரி எழுதியிருந்ததைப் படித்துக் காட்டினார். மனுதாரர் வாசலில் நின்று வரவேற்றார், தானே உலக்கை பிடித்து நங்கோனா இடித்துக் கொடுத்தார், எனவே வேலை செய்யும் உடல் வலு உள்ளவர்.

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. எங்கள் ஊரில் வீட்டுக்கு வருகிறவருக்கு நங்கோனா வேரை இடித்துத் தண்ணீரில் கரைத்துக் கொடுப்பதுதான் மரியாதை. கடையில் தூளாகவே கிடைக்கும். ஆனால் அரசாங்க ஆள் வருகிறார் என்றதும் அப்பாவுக்குக் கடைத் தூள் போதவில்லை. அதிகாரி வந்த அன்று நான் பள்ளியில் இருந்தேன். சாயங்காலம் வந்தபோது அப்பா குப்புறப் படுத்திருந்தார். இடுப்பு பிடித்துக்கொண்டது என்று மட்டும் சொன்னார்.

வீட்டுக்கு வந்து காரணத்தைச் சொன்னேன். அப்பா, “நங்கோனா நல்லா இருந்துச்சின்னு எழுதலியா அவன்?” என்றார். அம்மா கையில் இருந்த ஈரத் துணியை அவர்மேல் எறிந்தாள்.

மேல்முறையீடு செய்யலாம் என்று அந்த ஜன்னல் பெண்ணே சொல்லியிருந்தார். நாலு வரி இங்கிலீஷ் எழுதினால் மாறிவிடுமா என்று சித்தப்பா கேட்டது அப்போதுதான். ஆங்கிலம் எனக்குப் பிரச்சினையே இல்லை, அப்பாதான் பிரச்சினை. மறுபடியும் ஆள் வருவார்கள், தினமும் எப்படி இருக்கிறீர்களோ அப்படியே இருங்கள், அது போதும் என்று அவரிடம் கெஞ்சினேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

“வூட்டுக்கு வந்தவங்க முன்னால கட்ட மாதிரி கெடக்கணுமா நான்?”

அம்மா அடுப்படியிலிருந்து திரும்பாமலே சொன்னாள். “அவரு போனப்புறம் மூணு நாளு கட்ட மாதிரிதானே கெடந்தீங்க. அத யாரு பாத்தா? நாந்தானே பாத்தேன்.”

அந்த மூன்று நாளைத்தான் மேல்முறையீட்டில் எழுத வேண்டும் என்று எனக்கு அந்த நொடியில் விளங்கியது. நான் பள்ளியில் இருந்த நேரத்தில் நடந்ததையெல்லாம் அம்மாவை உட்கார வைத்து ஒவ்வொன்றாகக் கேட்டேன். கொல்லைப்புறத்துக்கு யார் தூக்கிக்கொண்டு போனது, யார் குளிப்பாட்டினது, சோற்றை எப்படிச் சாப்பிட்டார் என்று அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். கீழே கைநாட்டு வைத்தாள்.

இந்த முறை வந்தவர் ஃபிஜி இனத்துப் பெண், அம்மா வயது இருக்கும். அப்பா கட்டிலில் இருந்தார். அந்த அம்மாள் வாசலில் செருப்பைக் கழற்றியபோதே அப்பாவின் இரண்டு கையும் கட்டில் சட்டத்தைப் பிடித்துவிட்டன. உடம்பு பாதி எழுந்தது. அவர் மெல்லத் திரும்ப உட்கார்ந்தார்.

“வாங்கம்மா. என்னால எந்திரிக்க முடியல. தப்பா நெனச்சுக்காதீங்க,” என்று அவருக்கும் புரிகிற எங்கள் ஊர் ஹிந்தியில் சொன்னார். விபத்துக்குப் பிறகு, முடியல என்று அவர் வாயால் சொல்லி நான் கேட்டதே இல்லை. அந்த ஒரு வார்த்தை அவருக்கு உலக்கையைவிடக் கனமாக இருந்திருக்கும்.

அந்த அம்மாள் அதைப் பெரிதுபடுத்தவில்லை. பாயில் உட்கார்ந்துகொண்டு, தன் அப்பாவும் இப்படித்தான் என்றார். நாளெல்லாம் படுக்கையில் கிடப்பாராம், பாதிரியார் வந்தால் மட்டும் சட்டையை மாட்டிக்கொண்டு எழுந்து நிற்பாராம். அப்பா சிரித்துவிட்டார். பிறகு கேள்வி எல்லாம் அம்மாவிடம்தான். இதைப் பற்றி இதுவரை என்னைத் தவிர அம்மாவை யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அவள் பேசினாள், பேசிக்கொண்டே இருந்தாள். நடுவில் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

சில வாரங்கள் கழித்து உதவித்தொகை அனுமதியாகி வந்தது. கிடங்கு வேலைப் பேச்சு அதோடு நின்றது. எம் பொண்ணு சர்க்காரையே திருப்பிட்டா என்று அப்பா தெருவில் மிச்சம் இருந்த எல்லோரிடமும் சொன்னார். அதைக் கேட்டு இரண்டு மூன்று பேர் தங்கள் மனுவைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தார்கள். அவர்கள் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து பேசிய பிறகுதான் எழுதினேன்.

எழுந்து நிற்கிற ஒருவரின் வலி, அவரை மட்டும் பார்த்தால் தெரியாது, கூட இருப்பவரிடம் கேட்டால்தான் தெரியும் என்பதை என் வீட்டில்தான் கற்றேன். அதனால்தான் படிப்பு முடிந்த பிறகு, வீடு வீடாகப் போய் விசாரிக்கும் வேலைக்கு உதவித்தொகை தரும் அதே துறையில் ஆள் எடுத்தபோது விண்ணப்பித்தேன், போன மாதம் சேர்ந்தும் விட்டேன்.