அரிசிச் சாக்கில் இரண்டு ஓட்டைகள்

ஊரில் சண்டைநிறுத்தம் இருந்த ஒரு கோடைகாலத்தில் நான் ஒஸ்லோவில் இருந்தபடி மத்திய கால ஐரோப்பாவுக்கு உடுப்புத் தைத்தேன். ஆயருக்கு அங்கி, பாணர்களுக்குச் சிவப்புக் காற்சட்டை, எரிக்கப்படப் போகிறவனுக்குக் கிழிசல் சட்டை. எனக்கும் மத்திய காலத்துக்கும் எந்தக் கொடுக்கல் வாங்கலும் இருந்ததில்லை. நான் வேலை செய்த முதியோர் இல்லத்தில் இருந்த ஒரு மூதாட்டியின் மகள் ஓய்வுபெற்ற ஆசிரியை. அயலவர்களைப் பிடித்து ஒவ்வொரு கோடையும் நாடகம் போடுகிறவர். தாயின் பாவாடைக்கு நான் கரை மடித்துத் தைத்ததைக் கண்டார். பிறகு என்னை விடவில்லை.

அது ஒரு பகிடி நாடகம். பாட்டுப் பாடிக்கொண்டு தெற்கிலிருந்து வரும் இரண்டு பாணர்கள், திருச்சபைக்கு மாறாகப் பேசிய ஒருவனை உப்புமீன் பீப்பாவுக்குள் ஒளித்து, ஊர் ஊராக உருட்டிக்கொண்டு போகிறார்கள். அவன் செய்த குற்றம், ஆயர் முத்தமிடுகிற புனிதரின் கால்விரல் எலும்பைப் பார்த்து, இது பன்றியின் எலும்பு என்று சொன்னதுதான். மதவிசாரணை செய்கிற குருவானவர் மீன் மணத்தைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடுகிறார். உண்மையான வாத்து ஒன்றும் நடித்தது. பெரிய வெள்ளை வாத்து. அது ஆயரையும் கடித்தது, அவரை எதிர்த்தவனையும் கடித்தது. அந்தக் கூட்டத்தில் பாரபட்சம் பார்க்காத ஒரே ஆள் அதுதான்.

ஒஸ்லோவின் புறநகரான ஸ்டோவ்னரில் ஒரு பள்ளிக்கூட உடற்பயிற்சி மண்டபத்தில்தான் ஒத்திகை. முதல் நாள் தையல் பெட்டியோடு உள்ளே போன எனக்குப் பகீர் என்றது. இரண்டாவது பாணன் ஒரு தமிழர். பஸ் ஓட்டுகிறவர், தீவுப்பகுதிக் கத்தோலிக்கர், உருகிப் பாடக்கூடியவர். ஆயரைக் கிண்டல் செய்யும் காட்சிக்கு முன்னால் ஒருதரம் சிலுவை போட்டுக்கொள்வார். பிறகு எல்லோரையும்விட நன்றாகக் கிண்டல் செய்வார். ஒஸ்லோவில் அவரை எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் தெரியும். கலியாண வீட்டில் அவருக்குப் பக்கத்துக் கதிரை எப்போதும் காலியாக இருக்கும். அவருடைய மகளை எந்தப் பிள்ளையின் பிறந்தநாளுக்கும் கூப்பிடமாட்டார்கள். அவர் ஊரில் தலையாட்டியாக இருந்தவர் என்று கதை.

தலையாட்டி என்றால் என்ன என்று எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். ஆமி ஊரைச் சுற்றி வளைக்கும். இளம்பிள்ளைகளை மைதானத்தில் வரிசையாக நிறுத்தும். தலையில் சாக்குப் போட்ட ஒருவனைக் கொண்டுவரும். அவன் எங்களில் ஒருவன்தான், முன்பே பிடிபட்டவன். சாக்கில் இரண்டு ஓட்டைகள் இருக்கும். அவன் வரிசையில் நடந்துபோய் யாருக்கு முன்னால் தலையாட்டுகிறானோ, அந்தப் பிள்ளை ட்ரக்கில் ஏற வேண்டியதுதான்.

என் தம்பிக்கு முன்னால் அந்தச் சாக்கு நின்றது. நானும் அம்மாவும் பள்ளிக்கூட வேலிக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். சாக்கு ஆடியது. தம்பி எங்கள் பக்கம் திரும்பிப் பார்த்தான். சிரித்தான் என்றுதான் அம்மா இன்றைக்கும் சொல்கிறார். அதற்குப் பிறகு அவனை நாங்கள் காணவில்லை. சாக்குக்குள் இருந்தவன் காலைச் சற்று இழுத்து நடந்தான் என்று ஊரில் சொன்னார்கள். பஸ் ஓட்டுகிறவரும் காலைச் சற்று இழுத்துத்தான் நடப்பார். கதைக்கு அவ்வளவு போதாதா? எனக்குக் காலெல்லாம் நினைவில்லை. அந்த ஓட்டைகள்தான் நினைவு.

அவர் இருக்கிற நாடகத்துக்கு நான் ஊசி பிடிப்பதா என்று வீட்டுக்கு வந்து குதித்தேன். பிறகு யோசித்தேன், நான் ஏன் விலக வேண்டும்? வெட்கம் இருந்தால் அவர் விலகட்டும். ரி-பானா ரயிலில் அவர் ஏறினால் பெட்டி மாறி ஏறுகிறவள் நான். ஆனால் பிடிவாதத்தில் என்னை வெல்ல ஆளில்லை. போனேன். அவர் "வணக்கம் அக்கா" என்பார். நான் நூலைப் பல்லால் கடிப்பேன்.

நாடகத்தில் முகம் மறைத்த ஒரு சாட்சியும் வருவான். மதவிசாரணைக் குரு ஊர்ச்சனத்தை வரிசையில் நிறுத்த, அந்தச் சாட்சி ஒவ்வொருவராகப் பார்த்துப்போய் ஒருவனைக் காட்டிக்கொடுக்க வேண்டும். அவனுக்குக் கூரான ஒரு முக்காடு தைக்கச் சொல்லி ஆசிரியை படம் ஒன்று தந்தார். படத்தைக் கைப்பைக்குள் வைத்தேன். குறொன்லாண்டுக் கடைத்தெருவில் பாஸ்மதி அரிசி வாங்கிய சணல்சாக்கு வீட்டில் கிடந்தது. உட்புறத்தை வெளியே திருப்பினேன். கத்தரிக்கோலை எடுத்தேன். படத்தைத் திரும்பப் பார்த்த நினைவே இல்லை. வெட்டி முடித்துப் பார்க்கிறேன், முக்காடு இல்லை, தலையாட்டியின் சாக்கு. அதே நீளம், தோளில் விழும் அதே சுருக்கம், அதே இரண்டு ஓட்டைகள்.

வாளி ஒன்றைக் கவிழ்த்து, அதன் மேல் சாக்கைப் போட்டுச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டுத் தேநீர் போடப் போனேன். எங்கள் வீடு உயர்ந்த மாடியில். யன்னல் திறந்திருந்தது. நான் திரும்பிப் பார்த்தபோது சாக்கு மெல்லக் குனிந்து நிமிர்ந்தது. காற்றுத்தான் என்று எனக்குத் தெரியும். மறுபடியும் குனிந்தது. கோப்பையை வைத்துவிட்டு மேசையின் மற்றப் பக்கம் போய் நின்றேன். அங்கேயும் என்னைப் பார்த்துத்தான் குனிந்தது. அந்த நேரம் பார்த்து வேலையால் வந்த என் கணவர் கதவடியிலேயே நின்றுவிட்டார். சப்பாத்துக் கழற்றவில்லை.

"எடு அதை! வீட்டுக்குள்ளை வைச்சிருக்கிற சாமானே இது?"

"நாடகத்துக்கு" என்றேன்.

"விசர் பிடிச்சுட்டுதே உனக்கு?"

அன்றைக்கு அவர் அந்த மேசையில் சாப்பிடவில்லை. நின்றபடி குசினி அடுப்படியில் சாப்பிட்டார்.

ஆசிரியைக்கோ கொள்ளை மகிழ்ச்சி. "எவ்வளவு உண்மையாக இருக்கிறது! எந்த நூற்றாண்டு ஓவியத்தில் பார்த்தாய்?" என்று கேட்டார். சாட்சியாக நடித்தவர் ஒரு தபால்காரர், நல்ல மனிதர். அதைத் தலையில் போட்டு 'பே' என்று கத்தினார். எல்லோரும் சிரித்தார்கள். பாணன் மட்டும் பாட்டை நடுவில் விட்டுவிட்டு வெளியே போனார். கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தேன். சைக்கிள்கள் நிறுத்துகிற இடத்தில் சுவரைப் பார்த்து நின்றார். அதற்குப் பிறகு நடந்த ஒத்திகைகளில் அந்தச் சாக்கு இருந்த பக்கமே அவர் போகவில்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அதே நேரம், தங்கள் வரிசைக்கு முன்னால் சாக்கு நடந்துபோன எவருமே அப்படித்தான் செய்வார்கள் என்றும் தோன்றியது. ஊரில் அப்படி ஒரு வரிசையில் நின்ற என் கணவர் செய்யவில்லையா?

நாடகம் பழைய நகரத்து இடிபாடுகளில் நடந்தது. இடிந்த தேவாலயத்தின் அடிக்கற்கள் மட்டும் புல்லில் கிடக்கும். பக்கத்தால் ரயில் போகும். இருளாத மாலை. நிழல்கள் நீண்டுகொண்டே போயினவே தவிர மறையவில்லை. ஸ்டோவ்னர்த் தமிழ்ப் பெண்கள் சிலர் முன்வரிசையில் விரிப்புப் போட்டு, ரோல்ஸ் பலகாரப் பெட்டியோடு உட்கார்ந்திருந்தார்கள். என் தையலைப் பார்க்க வந்தோம் என்றார்கள். யாரைப் பார்க்க வந்தார்கள் என்று எனக்குத் தெரியும்.

இடைவேளையில் வாத்து தபால்காரரைத் துரத்தியது. அவர் அடிக்கல் ஒன்றில் இடறி விழுந்து கணுக்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஆசிரியை சாக்கோடு என்னிடம் ஓடிவந்தார். "பேச்சு ஒன்றும் இல்லை. நடக்க வேண்டும். உயரமான பாணனுக்கு முன்னால் நின்று தலையாட்ட வேண்டும். அவ்வளவுதான்."

உயரமான பாணன் என்றால் அவர்தான்.

மாட்டேன் என்று சொல்ல வாய் திறக்க முன்னால் சாக்கு என் தலையில் இறங்கியது.

உள்ளே அரிசி மணம். சணல் தூசி மூக்கில் ஏறியது. என் மூச்சே சூடாகத் திரும்பி முகத்தில் அடித்தது. ஓட்டைகளைத் தேடினேன். வெளியே நின்று பார்த்து வெட்டிய ஓட்டைகள் அவை. ஒன்று புருவத்துக்கு மேலே இருந்தது, மற்றது கன்னத்தில். கண்ணுக்கு நேரே வெறும் சாக்கு. கையால் இழுத்துச் சரிசெய்யலாம் என்றால், சேவகர் வேடம் போட்ட இருவர் ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொண்டார்கள். நடத்தினார்கள். தலையைச் சரித்தால் ஒரு பொத்தான் தெரிந்தது. பிறகு ஒரு காது. பிறகு வானத்தில் ஒரு துண்டு. முகம் ஒன்றுகூடத் தெரியவில்லை. ஒவ்வொரு ஆளுக்கு முன்னாலும் வலப்பக்கச் சேவகர் என்னை நிறுத்துவார். பிறகு இழுப்பார்.

ஓரிடத்தில் நிறுத்தி, முழங்கையால் என் விலாவில் இடித்தார்.

இப்படித்தான் இருந்திருக்கிறது. அன்றைக்கு மைதானத்தில் என் தம்பியை யாரும் அடையாளம் காணவில்லை. சாக்குக்குள் இருந்தவனுக்கு அவன் முகம் தெரிந்திருக்காது. ஒரு முழங்கை இடித்திருக்கிறது, ஒரு தலை ஆடியிருக்கிறது. யார் காட்டிக்கொடுத்தான், எந்த வீட்டுப் பிள்ளை, எங்களோடு அவனுக்கு என்ன கோபம் என்று அம்மாவும் நானும் இத்தனை வருடமாக ஊர் முழுக்கத் தேடினோமே, அப்படி ஒருவனே இல்லை.

மறுபடியும் இடித்தார். தலையைச் சரித்தேன். ஒரு தொண்டை தெரிந்தது. அது ஏறி இறங்கியது. நடிப்புக்கு எவரும் அப்படி விழுங்கமாட்டார்கள்.

நான் தலையாட்டவில்லை. ரயில் ஒன்று கடந்து போனது. மூன்றாம் முறை இடித்தார். இல்லை என்று பலமாக, பக்கவாட்டில் தலையை ஆட்டினேன். சாக்கு முழுவதும் சுழன்று ஓட்டைகள் பிடரிக்குப் போய்விட்டன.

பிறகு நடந்ததைக் காதால் மட்டும்தான் கேட்டேன். மதவிசாரணைக் குரு கொஞ்சம் திணறிவிட்டு, சாட்சிக்குச் சூனியம் வைத்துவிட்டார்கள் என்று கத்தினார். வைத்தது இந்த வாத்துத்தான், பிடியுங்கள் என்றார். வாத்து பிடிபடச் சம்மதிக்கவில்லை. தன் நேரம் தவறிவிட்டது என்று நினைத்த பீப்பாக்காரன் மூடியைத் தள்ளிக்கொண்டு எழும்பி, நான் இங்கேதான் இருக்கிறேன் என்று தானாகவே ஒப்புக்கொடுத்தான். சனம் விழுந்து விழுந்து சிரித்தது. அந்த நாடகத்துக்கு அவ்வளவு கைதட்டல் அதற்கு முன்னும் பின்னும் கிடைத்ததில்லை என்று ஆசிரியை பிறகு சொன்னார்.

உடுப்புக் கூடாரத்துக்குப் பின்னால் புல்லில் உட்கார்ந்திருந்தேன். அவர் வந்தார், சிவப்புக் காற்சட்டையோடு. என் பக்கத்தில் கிடந்த சாக்கை முதல்முறையாகக் கையில் எடுத்தார். ஓட்டைகளுக்குள் விரலை விட்டுப் பார்த்தார்.

"கண்ணுக்கு நேரை வராது, என்னக்கா?"

"வரேல்லை."

"எனக்கும் வரேல்லை."

நான் தைத்த அந்தச் சாக்கை அவர் ஒருநாளும் போட்டதில்லை. அவர் எந்தச் சாக்கைச் சொல்கிறார் என்று விளங்க எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. விளங்கியதும் கை தானாக ஓங்கியது. அவர் விலகவில்லை, முகத்தைக் காட்டிக்கொண்டே நின்றார்.

"உங்கடை தம்பி அதிலை நிண்டவர் எண்டு இஞ்சை வந்த பிறகுதான் அறிஞ்சனான். இடிச்சால் ஆட்ட வேணும். ஆட்டினனான். நீங்கள் இண்டைக்கு ஆட்டியிருக்கலாம் அக்கா. சரியாத்தான் இருந்திருக்கும்."

ஓங்கிய கையால் என் முகத்தைப் பொத்திக்கொண்டேன். எனக்கு அவர்மேல் ஆத்திரம். அதைவிட, அவரை வெறுக்க இனி வழியில்லாமல் செய்துவிட்ட அந்தச் சாக்கின்மேல் பெரிய ஆத்திரம். "போங்கோ" என்றேன். போனார், காலை இழுத்துக்கொண்டு.

அடுத்த கிழமை குறொன்லாண்டுக் கடையில், முன்வரிசையில் விரிப்புப் போட்டிருந்த மாமி ஒருவர் வரிசையில் எனக்குப் பின்னால் நின்றார்.

"பிள்ளை, நீ அண்டைக்குத் தலையாட்டேல்லை. எல்லாரும் கண்டது. அப்ப அவன் இல்லையோ?"

நான் வெண்டிக்காயை நிறுக்கக் கொடுத்தேன்.

"பேத்திக்குப் பிறந்தநாள் வருது. அவன்ரை பெட்டையைக் கூப்பிடச் சொல்லி நிக்கிறாள். நீ சொன்னால்தான். அவன்தானோ, இல்லையோ?" என்று கேட்டுக்கொண்டே மாமி முழங்கையால் என் விலாவில் இடித்தார்.

கழுத்தை விறைப்பாக வைத்துக்கொண்டேன். பக்கத்துத் தட்டில் அரிசிச் சாக்குகள் அடுக்கியிருந்தன.

"அவர் இல்லை மாமி. பிள்ளையைக் கூப்பிடுங்கோ."

ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். வழக்கமாகக் கேட்பதை அம்மா அன்றைக்கும் கேட்டார். "ஆரெண்டு ஏதும் அறிஞ்சியோ மோனை?" இல்லையம்மா என்றேன். தொலைபேசியை வைத்த பிறகுதான் அழுதேன். தம்பி போன நாளில்கூட நான் அப்படி அழவில்லை.