இன்ஜின் பெட்டிக்கு ஒரு ஜிப்

கார் சீட் தைக்கும் கடையில் அவளுக்குப் பூனை என்று பெயர். வருவதும் தெரியாது, போவதும் தெரியாது. தையல் மெஷின் ஓடத் தொடங்கினால்தான் ஆள் வந்துவிட்டாள் என்று மற்றவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அந்த மெஷின் சத்தம் ஒன்றுதான் அவளுக்கு ஒத்துக்கொள்ளும். அது அவள் கால் சொன்னபடி கேட்கிற சத்தம். மற்றபடி ஒரு தட்டு கீழே விழுந்தால் போதும், ஒற்றைத் தலைவலி கிளம்பிவிடும்.

கணவன் தண்ணீர் பம்பு மெக்கானிக். ஊர் ஊராகப் போய்ப் பழுது பார்ப்பவன். பாதி மாதம் அவன் எங்கோ இருப்பான், அவள் அண்ணன் வீட்டுப் பின்னறையில் இருப்பாள். இனி வண்டியிலேயே படுத்து எழுந்து சேர்ந்தே சுற்றலாம் என்று அவன் ஒரு பழைய வேனை வாங்கி வந்தான்.

"தகர டப்பாக்குள்ள குடித்தனமா?" என்றாள் அண்ணி. "வெயில்ல வெந்து, சத்தத்துல செவிடாகித்தான் வருவீங்க."

முதல் பயணத்தில் அண்ணி சொன்னதுதான் நடந்தது. தலைவலி தாங்காமல் அவள் வழியிலேயே இறங்கி வாந்தி எடுத்தாள். வண்டியைப் பார்த்த காய்கறிக்காரர் ஒருவர் விலை கேட்டார். ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லிவிட்டான் அவன்.

"வித்துடலாம். உன்னக் கஷ்டப்படுத்தி நான் என்ன சாதிக்கப் போறேன்?"

அவன் நல்லவிதமாகச் சொன்னதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. வண்டி போனால் மறுபடி அதே பின்னறை, அதே காத்திருப்பு.

"அதுக்குள்ள நான் ஒரு தடவ பாக்கறேனே" என்றாள்.

சாயங்காலங்களில் வேலை நடந்தது. முதலில் தகரத்தை விரல் முட்டியால் தட்டித் தட்டிக் கேட்டாள். கணீரென்று அதிர்ந்த இடங்களில் மட்டும், கூரை ஒழுக்குக்கு ஒட்டும் தார்ப் பட்டையை வெட்டி ஒட்டினாள். முழுக்க ஒட்டக் கட்டுப்படியாகாது, தேவையும் இல்லை. ஒரு துண்டு ஒட்டியதுமே தகரம் மூச்சடங்கிப் போனது.

கடைக் கழிவிலிருந்து ஸ்பாஞ்ச் எடுக்கப் போனபோது முதலாளி தடுத்தார். "அது தண்ணி குடிக்கும்மா. பின்னால துரு பிடிச்சிடும். உடற்பயிற்சிப் பாய் இருக்குல்ல, அது ஒட்டு. ஈரம் ஏறாது."

பழைய பாய்களைத் தேடிப்பிடித்துச் சுவரிலும் கூரையிலும் ஒட்டினாள். கண்ணாடிகளுக்கு வெள்ளிக் காகிதத் திரை தைத்தாள். இந்த வகை வேனில் இன்ஜின் முன்சீட்டுகள் இரண்டுக்கும் நடுவே ஒரு பெட்டிக்குள் இருக்கும். இரைச்சலுக்குத் தாய்வீடு அதுதான். சூடு தாங்கும் தாள், ரப்பர், கம்பளம் என்று அடுக்கி, இரட்டைத் தையல் போட்டு அதற்கு ஒரு கனத்த உறை தைத்தாள். கைபட்டதிலேயே அதுதான் நேர்த்தியான வேலை என்று அவளுக்கே தோன்றியது.

வெள்ளிக்கிழமை ஓட்டிப் பார்த்தார்கள். தலை வலிக்கவே இல்லை. அவள் கண் அசந்துவிட்டாள்.

ரப்பர் கருகும் நாற்றத்தில் விழித்தாள். முன்னால் புகை. ஃபேன் பெல்ட் நழுவி, கிறீச்சிட்டு, தேய்ந்து போயிருந்தது. அவன் காதில் ஒன்றும் விழவில்லை.

"இவ்வளவு நேரம் கத்தியிருக்கும், பாவம்." பெல்ட்டை மாற்றிவிட்டு ஓரமாக உட்கார்ந்தான். "கியர் மாத்தவே தடுமாறினேன். எனக்கு வண்டி ஓட்டறதே காதாலதான். கண்ணக் கட்டி விட்ட மாதிரி இருந்துச்சு."

உறையைக் கழற்றி வைத்துவிட்டுத் திரும்பினார்கள். வீடு வந்து சேர்வதற்குள் அவளுக்குத் தலை பிளந்தது. அவன் இறங்கி வண்டியை ஒருமுறை சுற்றிப் பார்த்தான். காய்கறிக்காரரைத்தான் நினைக்கிறான் என்று அவளுக்குத் தெரிந்தது.

மறுநாள் உறையைக் கடைக்குத் தூக்கிப் போனாள். சீட் உறைக்குப் போடும் தடித்த ஜிப் ஒன்றை எடுத்துவைத்தாள். தைத்ததை வெட்டக் கை வரவில்லை. பிறகு டிரைவர் பக்கத்தில், அவன் முழங்கால் படும் இடத்தில், கத்தரியை ஓட்டினாள்.

ஞாயிறு காலை, காய்கறிக்காரர் வருவதற்கு முன் ஒரு சுற்று கிளம்பினார்கள்.

"இது என்ன, பாக்கெட்டா?"

"காது. திறந்து பாருங்க."

உள்ளங்கை அகலத்துக்கு இழுத்தான். இன்ஜின் அவன் பக்கமாக முணுமுணுத்தது. கியர் தடுமாறாமல் விழுந்தது. மேடு வந்தபோது இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டு அவளைப் பார்த்தான்.

"தலை?"

"இருக்கு, ஆனா வலிக்கல."

திரும்பி வந்தபோது வாசலில் காய்கறிக்காரர் நின்றிருந்தார். பக்கத்தில் அண்ணி.

"மன்னிச்சுக்கங்கண்ணே, வண்டி குடுக்கறதா இல்ல" என்றான் அவன்.

அவர் சலித்துக்கொண்டு போனார். அண்ணி உள்ளே தலையை நீட்டி, சுவரை அழுத்திப் பார்த்து, ஜிப்பை இரண்டு முறை இழுத்து மூடினாள்.

"போறதுக்கு முன்னாடி இதே மாதிரி ஒண்ணு தச்சுக் குடுத்துட்டுப் போ."

"எதுக்கு அண்ணி?"

"உங்கண்ணன் குறட்டைக்கு. எனக்கு ஜிப்பு வேணாம்."

பூனை வாய்விட்டுச் சிரித்தாள். பிறகு பின்னறையிலிருந்து தன் பெட்டியை எடுத்து வரப் போனாள்.