செட்டியார் உட்கார்ந்த ரேடியோ கார்

“மாமி, நீங்க கை வச்சப்புறம்தான் என் வண்டி வலது பக்கமா இழுக்குது!”

செம்பூரிலிருந்து பஸ் பிடித்து வந்து, வாசலிலேயே இப்படிக் கத்தினார் வெங்கட்டு. வீல் அலைன்மென்ட், அதாவது சக்கரங்களை நேராக்குவது, அப்படிப்பட்ட தொழில்: வண்டி நேராகப் போனால் பெயர் கணவருக்கு, கோணினால் திட்டு எனக்கு.

என் கணவருக்கு டிராம்பேயில் எலெக்ட்ரானிக்ஸ் வேலை. அவரும் வெங்கட்டு போன்ற ஆபீஸ் நண்பர்களும் டிரங்குப் பெட்டி அளவில் கார் செய்து, தூர நின்று ரேடியோவால் ஓட்டுகிறார்கள். ரேடியோவில் எல்லோரும் புலிகள், சக்கரத்தில் பூஜ்யம். ஒருநாள் எங்கள் மாட்டுங்கா ஃப்ளாட்டில் விட்ட வண்டி நேரே என் பூஜை அலமாரியில் போய் முட்டியது. பொறுக்காமல் குனிந்து பார்த்தேன். முன் சக்கரங்கள் இரண்டும் சண்டை போட்ட ஓரகத்திகள் மாதிரி ஆளுக்கொரு திசையில் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தன. மடிப்பு ஒரு நூல் கோணினாலும் பிரித்துத் தைக்கச் சொன்ன கான்வென்ட் சிஸ்டரிடம் தையல் படித்தவள் நான். ஸ்வெட்டர் ஊசியால் இடைவெளியை அளந்து, திருகி, நேராக்கினேன். பிடித்தது சனி! வீட்டில் இப்படி ஓர் ஆசாமியை வைத்துக்கொண்டு அல்லாடும் சகோதரிகளே, உங்களுக்கா தெரியாது, ஒரு தரம் செய்துவிட்டால் அது நம் வேலை ஆகிவிடும் என்று.

பதிலுக்கு நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான். அந்தக் கன்ட்ரோல் பெட்டியை என் கையில் கொடுங்கள், ஒரு தடவை ஓட்டிப் பார்க்கிறேன் என்றேன். கணவர் சொன்னார்: “ஞாயித்துக்கிழமை தரேன்.” எந்த ஞாயிறு என்று சொல்லவில்லை.

டிரைவர்

வெங்கட்டுவின் வண்டியை மேஜைமேல் வைத்து மூடியைத் திறந்தேன். உள்ளே, வலது பக்க ஸீட்டில், கொலுவில் வைக்கிற களிமண் செட்டியார் தொப்பையும் தானுமாக உட்கார்ந்திருந்தார்! டிரைவர் இல்லாமல் கார் மொட்டையாகத் தெரிகிறதாம். மனைவியின் கொலுப் பெட்டியிலிருந்து கிளப்பிக்கொண்டு வந்திருக்கிறார். செட்டியாரின் கனத்தில் அந்தப் பக்கத்து ஸ்பிரிங் நசுங்கிக் கிடந்தது.

“முதல்ல இவரை இறக்குங்கோ, அப்புறம் என்னைத் திட்டலாம்” என்றேன். வெங்கட்டு நிஜமாகவே கவலைப்பட்டார்.

“செட்டியாரை இறக்கிட்டா வண்டியை யார் மாமி ஓட்டறது?”

தாராவியில் ஒரு கம்பி

சக்கரங்களை இணைக்கிற கம்பிக்கு ஒரு முனையில் வலப்பக்கம் திருகும் மரை, மறுமுனையில் இடப்பக்கம் திருகும் மரை வேண்டும். அப்போதுதான் நடுவில் திருகினால் இரண்டு சக்கரமும் சேர்ந்து அசையும். தாராவியில் லேத் பட்டறை வைத்திருக்கும் திருநெல்வேலிக்காரர் காதர் பாயிடம் போய் இதைப் படம் போட்டே சொன்னேன். அவர் படத்தைப் பார்க்கவில்லை; எனக்குப் பின்னால் வாசலைப் பார்த்தார். “சார் வரலியாம்மா? சாரைக் கூட்டிட்டு வாங்க.”

கூட்டிக்கொண்டு போனேன். வழியெல்லாம் நான் சொல்லிக் கொடுத்ததைக் கணவர் கிராமபோன் தட்டு மாதிரி ஒப்பித்தார், அதிலும் வலதையும் இடதையும் மாற்றி. காதர் பாய்க்கு முகம் மலர்ந்துவிட்டது.

“இப்படி வெவரமா மொதல்லயே சொல்லிருக்கலாம்லா சார்!”

குழவி

பேட்டரியைச் சார்ஜுக்குக் கொடுத்துவிட்டு, காலி வண்டியில் சக்கரத்தைச் சரிபார்ப்பது இவர்கள் வழக்கம். பேட்டரி வந்து உட்கார்ந்ததும் வண்டி அமுங்கும், சக்கரம் விரியும், பழி என் தலையில் விழும். பார்த்தேன், பேட்டரி இடத்தில் அம்மிக் குழவியைத் தூக்கி வைத்து அளந்தேன். நண்பர் கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. வண்டி நேராக ஓடிய பிறகு, பாரம் எப்படிப் பரவுகிறது என்று என் கணவர் அவர்களுக்குப் பிரசங்கம் செய்தார். குழவி யாருடைய யோசனை என்பது மட்டும் பிரசங்கத்தில் வரவில்லை. பேட்டரிக்கு இடம் விட்டு வெளியே வந்த குழவி, இன்னும் அவர்களுடைய திருப்புளிகளுக்கு நடுவிலேயே கிடந்தது. எல்லோரும் போனபின் சாப்பிட உட்கார்ந்தவர் இலையை மேலும் கீழும் பார்த்தார்.

“ஏண்டி, இன்னிக்குத் துவையல் அரைக்கலையா?”

ஞாயிற்றுக்கிழமை

மைதானத்தில் வண்டி ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது மாதிரி ஓடியது. ஒரே கைதட்டல். கன்ட்ரோல் பெட்டி கணவரிடமிருந்து வெங்கட்டுவுக்குப் போயிற்று. வெங்கட்டுவிடமிருந்து, டோம்பிவிலியிலிருந்து சும்மா வேடிக்கை பார்க்க வந்த அவர் மச்சினருக்கு. அந்த மனிதருக்கு முன் எது பின் எது என்றே தெரியவில்லை. வண்டியைக் கல்லில் ஏற்றிச் சக்கரத்தைக் கோணலாக்கிவிட்டு, என்னைப் பார்த்துப் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.

“பரவால்ல, அதான் மாமி இருக்காளே!”

மண்ணில் மண்டியிட்டுத் திருகி நிமிர்ந்தேன். வண்டி மறுபடி நேராக ஓடியது, பெட்டி மறுபடி கணவர் கையில். களிமண் செட்டியாருக்கே டிரைவர் உத்தியோகம் கிடைக்கிற இந்தத் தொழிலில் எனக்கு மட்டும் லைசென்ஸ் இல்லை போலிருக்கிறது. புடவையில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டே, எல்லோர் காதிலும் விழும்படிதான் கேட்டேன்:

“ஏன்னா, அந்தப் பெட்டியை ஒரு நிமிஷம் இப்படிக் கொடுங்கோளேன்?”