ஆள் வராத இடத்தில் ஒரு புனல்

போன வியாழக்கிழமை என் கொறங்காட்டில் இருந்தவர்கள்: நான், ஆராய்ச்சி மாணவி நந்தினி, அவளை ஏற்றி வந்த ஆட்டோக்காரர். அவரும் வண்டியை விட்டு இறங்கவில்லை... ரீல்ஸ் பார்த்துக்கொண்டிருந்தார். அவ்வளவுதான் கூட்டம்.

கொறங்காடு என்றால் உங்களில் டவுன்காரர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். ஒட்டன்சத்திரத்துக்கு மேற்கே, எங்கள் பக்கம், கிளுவை வேலி அடைத்து, ஏர் பூட்டாமல், ஆடு மேயவென்றே விட்டுவைக்கும் புல் நிலம். அந்த வேலிக்குள்தான் என் வீடு. வீட்டுக்குள் நான். வேறு யாரும் இல்லை.

நந்தினி வந்தது ஓர் இரும்புக் கம்பத்தைப் பிடுங்கிக்கொண்டு போக.

போன ஆடியில் அதை நட்டவளும் அவள்தான். உச்சியில் ஒரு புனல், அடியில் பாட்டில். மழையும் தூசியும் அதில் விழும். காற்றிலிருந்து மேய்ச்சல் நிலத்தில் தழைச்சத்து எவ்வளவு இறங்குகிறது என்று அளக்கிறார்களாம். யூரியாவில் இருக்கிறதே, அதே சத்து. அது வானத்திலிருந்தும் வருமா? எட்டாவதோடு நின்றவள் நான்... தலையை மட்டும் ஆட்டினேன்.

"இத்தன காடு இருக்க, என் காடு எதுக்கு கண்ணு?" என்று கேட்டேன்.

"ரோடு இல்ல, விறகடுப்பு இல்ல, கோழிப்பண்ணை இல்ல... முக்கியமா, உங்க இடத்துக்கு யாருமே வர்றதில்லக்கா. இப்படி ஒரு இடத்துக்கு எவ்ளோ அலைஞ்சோம் தெரியுமா?"

சந்தோஷமாகத்தான் சொன்னாள். நானும் சிரித்து வைத்தேன். என் தனிமைக்கு அதுவரை யாரும் மார்க் போட்டதில்லை.

ஒரே ஒரு நிபந்தனை — மழைக்காலம் முடியும்வரை ஆடு அடைக்கக் கூடாது. ஆட்டு மூத்திரத்தில் கிளம்பும் கார வாடை காற்றில் ஏறிப் புனலில் இறங்கினால் அளவு பொய்யாகிவிடுமாம். மேய்ச்சல் நிலத்தை அளக்க, மேய்ச்சலே கூடாது!

வருஷா வருஷம் புரட்டாசியில் செம்மறிகளோடு வந்து, தை வரை இங்கேயே பட்டி போடுபவர் செல்லமுத்து அண்ணன். குத்தகைப் பணமும் முன்கூட்டியே தந்திருந்தார். அவரிடம் எப்படிச் சொல்வது? மூன்று ராத்திரி தூக்கம் போனது. நான்காம் நாள் சொன்னேன்.

"ஏனுங்க அம்மணி, மழத்தண்ணி புடிக்கிற புனலுக்காகவா ஆட்ட வேண்டாங்கறீங்க?"

"தண்ணிக்கு இல்லீங்கண்ணா. தழைச்சத்துக்கு."

"அட, மானம் ஓசில யூரியா போடுதுங்களா? நானும் ஒரு புனல வெச்சா மூட்டக்காசு மிச்சமுங்களே."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். டீயைக் குடிக்காமல் எழுந்தார். குத்தகைப் பணத்தில் ஒரு பகுதியைத்தான் அன்று திருப்பித் தர முடிந்தது. "மெதுவா குடுங்க" என்று போய்விட்டார்.

ஏன் அப்படிச் செய்தேன்? "ஒவ்வொரு மழைக்கும் நானே வந்து பாட்டில் மாத்துவேன்க்கா" என்று அந்தப் பெண் சொல்லியிருந்தாள். அண்ணன் ஆட்டோடு பேசும் அளவுக்கு என்னோடு பேச மாட்டார். இவளோ வாய் ஓயாதவள். ஐப்பசி, கார்த்திகை முழுக்க வீட்டில் பேச்சுச் சத்தம் கேட்கும் என்று நினைத்துவிட்டேன்.

இரண்டு மழைக்கு வந்தாள். மூன்றாவதுக்கு வாய்ஸ் மெசேஜ்தான் வந்தது: "அக்கா, கிளாஸ் இருக்கு. நீங்களே மாத்தி ஃப்ரிட்ஜ்ல வச்சிருங்க, ப்ளீஸ்."

கவலைப்பட எனக்குச் சொல்லித்தர வேண்டுமா? காக்கை உட்காருமோ, எறும்பு ஏறுமோ... அவளுக்குத் தெரியாமல் வெந்நீருக்கு விறகு மூட்டி வந்ததையும் நிறுத்தினேன். கரண்ட் ரீடிங் எடுக்க வந்தவர் பீடியைப் பற்றவைத்தார் — வேலிக்கு வெளியே விரட்டினேன். அந்த மாதம் வீடு தேடி வந்த ஒரே மனிதர் அவர்தான்.

வியாழக்கிழமை பயந்துகொண்டே கேட்டேன். "நான் எதுவும் கெடுத்துட்டனா கண்ணு?"

"சூப்பரா பாத்துக்கிட்டீங்கக்கா. ஆனா, மொதல் ரெண்டு பாட்டில லேப்ல பாத்தாச்சு, யாருமே வராத இங்கயும் நல்லாவே இறங்கியிருக்கு."

"எங்கிருந்து?"

"காத்துதானேக்கா. எங்கயோ இருக்கிற கோழிப்பண்ணை, யூரியா போட்ட தோட்டம், மார்க்கெட் லாரி புகை... எல்லாம்தான்."

யோசித்துப் பாருங்கள். கேரளாவுக்குக் காய் ஏற்றிப் போகும் லாரி டிரைவரின் முகம்கூட எனக்குத் தெரியாது. அவர் விட்ட புகை என் புல்லில். யாரோ வெங்காயத்துக்கு வீசிய உரம் என் வாசலில். ஊரே என் வீட்டுக்கு வந்து போயிருக்கிறது... ஒருவரும் கதவைத் தட்டவில்லை, அவ்வளவுதான்.

"இனி எப்ப வருவே?"

"வேலை முடிஞ்சுதேக்கா. ரிப்போர்ட்ல உங்களுக்கு நன்றி போட்டுடறேன்."

ஆட்டோ போய்விட்டது. கம்பம் இருந்த இடத்தில் குழி. யாராவது தடுக்கி விழுந்துவிடுவார்களோ என்று கல் வைத்து மூடினேன். யார் விழப்போகிறார்கள்?

சாயங்காலம் செல்லமுத்து அண்ணனுக்குப் போன் போட்டேன். "கம்பத்த எடுத்தாச்சுங்கண்ணா. ஆட்ட ஓட்டிட்டு வாங்க."

"தாராபுரம் பக்கம் வேற காடு புடிச்சுட்டனுங்க அம்மணி. அடுத்த வருசம் பாக்கலாமுங்க." கொஞ்சம் தயங்கினார். "அந்தப் பாக்கிய மட்டும் ஜிபேல போட்டு உட்ருங்க. பையன் நம்பரு தாரேன்."

"எனக்கு அதெல்லாம் வராதுங்கண்ணா. நேர்ல வந்து வாங்கிக்குங்க."

கரண்ட் பில்லை நான் ஜிபேயில்தான் கட்டுகிறேன். அது அவருக்குத் தெரிய வேண்டாம்.

பாக்கி, இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய்.