உயிரோடிருப்பவனுக்கு மாலை

சிங்கப்பூர் வந்த புதிதில், கப்பல் பட்டறையில் என் மேற்பார்வையாளராக இருந்த சீனர் ஒரு திங்கட்கிழமை தேநீர் வேளையில் ஒரு செய்தி சொன்னார். வெள்ளிக்கிழமை ஒரு பாடகிக்கு ‘ஹேங் ஃபிளவர்’ செய்தார்களாம். பூ மாட்டினார்கள் என்றால் எனக்கு வேறு என்ன தோன்றும்? சின்ன வயதா என்று வருத்தத்தோடு கேட்டேன். இருபத்தைந்து இருக்கும் என்றார். எப்படிப் போனாள் என்றேன். டாக்ஸியில் என்றார். 

பிறகுதான் விளங்கியது. அங்கே சில இரவு விடுதிகளில், பாடகியின் கழுத்தில் துணிப்பூ மாலை வாங்கிப் போடுவதுதான் பெரிய மனிதத்தனம். அள்ளிப் போடுபவனுக்கு அவளும் சில நேரம் திருப்பி மாட்டுவாள். பாட்டு முடிந்ததும் மாலைகள் கல்லாவுக்குத் திரும்பி, அதே பூ அடுத்த கழுத்துக்குப் போகும். நம் பக்கம் இதைப் ‘பவுசு காட்டறது’ என்போம். என் அறைத் தோழன் செந்தில், மதுக்கரைக்காரன், ‘ஹேங் ஃபிளவர்’ என்ற சொல்லை என்னைவிடச் சீக்கிரம் கற்றுக்கொண்டான். பகலெல்லாம் கப்பலின் வயிற்றுக்குள் துரு சுரண்டுகிறவனை அந்த விடுதியில் மைக்கில் பெயர் சொல்லி அழைத்தார்களாம்.

போன மாதம் விடுப்பில் என் ஊரான சூலூருக்கு வந்திருந்தேன். கிளம்ப வேண்டிய நாளன்று விடிந்ததும் செந்திலின் மனைவி கவிதா போன் செய்தாள். குரலில் அழுகை இல்லை. “எங்கூட்டுக்காரரு ஸ்டேட்டஸைப் பாருங்ணா” என்றாள்.

பார்த்தேன். செந்திலின் முகம் மட்டும். கழுத்து நிறைய மாலை. நீல வெளிச்சத்தில் தோல் வெளுத்து, கண்கள் மூடியிருந்தன. கீழே ஒரு எழுத்துகூட இல்லை. அழைத்தால் எடுக்கவில்லை. உயிரோடுதான் இருப்பான், தூங்குகிறான் என்று கவிதாவிடம் சொன்னேன். ஆறுதலுக்குச் சொல்வதாக நினைத்துக்கொண்டாள்.

காந்திபுரத்தில் பஸ் மாறி நான் மதுக்கரை போய்ச் சேர்வதற்குள் அவர்கள் வாசலில் செருப்புகள் குவிந்திருந்தன. உள்ளே செந்திலின் அம்மா மாரில் அடித்துக்கொண்டு அழுதார். என்னைக் கண்டதும் எல்லோரும் அடங்கினார்கள்.

“இருக்கறாருன்னா மாலை எதுக்குங்ணா?” என்று கேட்டாள் கவிதா.

சொன்னால் ஒரு குடும்பம் கலையும். சொல்லாவிட்டால் அவன் செத்தவனாகவே கிடப்பான். சொன்னேன். விடுதி, பாடகி, பூ, எல்லாவற்றையும். அவள் முகம் மாறவேயில்லை.

அப்போது செந்திலே அழைத்தான். ஸ்பீக்கரில் போட்டாள். “என்ன கண்ணு, இத்தனை மிஸ்டு கால்?” தூக்கம் கலையாத கரகரத்த குரல். யாரும் சந்தோஷப்படவில்லை. அவன் அம்மா போனிலிருந்து மெல்லப் பின்னால் நகர்ந்தார். “ஒண்ணுமில்லீங்க, தூங்குங்க” என்று கவிதா வைத்துவிட்டாள். பிறகு குடம் குடமாகத் தண்ணீர் கொண்டுவந்து, பிணம் எடுத்த வீட்டைப் போல வீட்டைக் கழுவத் தொடங்கினாள். தடுக்க யாரும் எழவில்லை.

இழவு வீட்டிலிருந்து கிளம்பும்போது போயிட்டு வாரேன் என்று சொல்லக்கூடாது. வந்தவர்கள் ஒவ்வொருவராக, எதுவும் சொல்லாமல் போனார்கள். எனக்கு அன்றிரவு விமானம். சொல்வதா வேண்டாமா என்று ஈர வாசலில் தயங்கினேன்.

கவிதா துடைப்பத்தோடு நிமிர்ந்து பார்த்தாள். “சொல்லாமயே போங்ணா” என்றாள்.

மறுநாள் விடியலில் சிங்கப்பூரில் அறைக் கதவைத் தட்டினேன். செந்தில்தான் திறந்தான். பெட்டியை வாங்கி வைத்தான். எனக்காகச் சோறு வடித்திருந்தான். “ஊட்ல எல்லாரும் நல்லா இருக்கறாங்களாடா?” என்று கேட்டுக்கொண்டே தட்டில் போட்டான். ஆவி பறக்கும் சோற்றில் கை வைக்காமல், நான் அவன் வீட்டாரில் ஒருவனைப் போல, செத்தவன் ஒருவன் பரிமாறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.