ஏரியில் வாத்து காட்டிய கதை

பறவை காட்டிப் பிழைப்பது என்பது, பெண் பார்க்க வந்தவர்களை, பெண் வீட்டில் இல்லாத நாளில், பஜ்ஜியும் காபியும் கொடுத்துச் சமாளிக்கிற வேலை. சரக்கு வராத கடையைத் திறந்து வைத்து உட்கார்ந்தவர்கள், டாக்டர் வராத ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுத்தவர்கள் எல்லாரும் என் சொந்தக்காரர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

என் பெயர் ஸ்டெல்லா. வீடு முதலியார்பேட்டை. டவுனில் ஒரு கெஸ்ட் ஹவுஸில் தங்குகிறவர்களை விடிந்தும் விடியாமலும் ஆட்டோவில் ஏற்றி, வழுதாவூர் ரோட்டில் இருக்கிற ஊசுட்டேரிக்கு அழைத்துப் போய்ப் பறவை காட்டுவேன். ஆட்டோ ஓட்டுகிறவர் செல்வம். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், கண்ணை மூடிக்கொண்டு எந்தப் பக்கம் கையை நீட்டினாலும் அங்கே ஒரு பறவை இருக்கும். அப்புறம் கரையோரம் மனை போட்டார்கள், சாக்கடை சேர்ந்தது, ஆகாயத்தாமரை படர்ந்தது. பறவைகள் புத்திசாலிகள், வேறு ஏரி பார்த்துக்கொண்டன. எனக்குத்தான் வேறு ஏரி கிடையாது.

ரிசப்ஷன் படம்

எங்கள் கெஸ்ட் ஹவுஸ் ரிசப்ஷனில் ஆள் உயரத்துக்கு ஒரு பூநாரைப் படம் மாட்டியிருக்கிறது. தண்ணீர் தெரியாமல் ரோஜா நிறத்தில் கூட்டம் கூட்டமாக நிற்கும். அதை எந்த ஏரியில் எடுத்தார்கள் என்பது ஆண்டவருக்கும் இன்டர்நெட்டுக்கும்தான் வெளிச்சம். சென்னையிலிருந்து வந்த ஒரு குடும்பம் அந்தப் படத்தின் முன்னால் நின்று ஒரு முறை போட்டோ எடுத்துக்கொண்டு, அதே உற்சாகத்தோடு ஏரிக்கு வந்தது.

ஏரியில் பட்டுப்போன மரத்தில் நீர்க்காகம் ஒன்று சிறகை விரித்துக் காய வைத்துக்கொண்டிருந்தது. வேறு யாரும் இல்லை. நான் விடவில்லை. அது எப்படி முங்கும், எப்படி மீனைத் தூக்கிப் போட்டுத் தலைப்பக்கமாக விழுங்கும், ஏன் சிறகைக் காய வைக்கிறது என்று ஒரு பிரசங்கமே செய்தேன். எங்கள் பங்குச் சாமியார் கேட்டிருந்தால் பொறாமைப்பட்டிருப்பார். குடும்பத் தலைவர் கடைசிவரை பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "மேடம், இந்தக் காக்கா எங்க வேளச்சேரியிலயே இருக்கே."

மிசேயின் முடிவு

கெஸ்ட் ஹவுஸ் முதலாளியை நாங்கள் மிசே என்போம். எங்களூரில் ஐயா என்பதற்கு அதுதான் மரியாதை. அவருடைய அப்பா சொல்தா, அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். அதனால் மிசே பிரான்ஸ் ஜனாதிபதிக்கு ஓட்டுப் போடுவார், கரன்ட் போனால் புதுச்சேரி அரசாங்கத்தைத் திட்டுவார். கெட்டவர் இல்லை. எனக்கு வாத்துக்கு 'கனார்', நாரைக்கு 'ஏரோன்' என்று பிரெஞ்சில் பறவைப் பெயர்களைச் சொல்லிக் கொடுத்தவரே அவர்தான்.

வேளச்சேரிக்காரர் இன்டர்நெட்டில் காக்கா கதையை எழுதிப் போட்டதும் மிசே என்னைக் கூப்பிட்டார். "நாரை, கொக்குல்லாம் வயல்லயே நிக்குதும்மா. குளிருக்கு வர்ற வாத்து வந்தாத்தான் அது ஏரி. இந்தப் பனி முடியறதுக்குள்ள வரலன்னா ஏரி டூரை நிறுத்திட்றேன்" என்றார். அதற்குப் பதில், ஒயிட் டவுனில் மஞ்சள் பெயின்ட் அடித்த சுவர்களின் முன்னால் ஆட்களை நிறுத்திப் போட்டோ எடுத்துவிடுகிற வேலையை எனக்குத் தருவாராம். அந்த ஏரியைத் தவிர நான் உருப்படியாகக் கற்றுக்கொண்டது எதுவும் இல்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு மிசே ஆறுதலாகச் சொன்னார்: "செவுரு பறந்து போவாது, ஸ்டெல்லா."

வெளிநாட்டு வரவு

பெங்களூரிலிருந்து ஒருவர் வந்தார். அவருடைய கேமரா லென்ஸ் கைக்குழந்தை கனம் இருக்கும், அதற்குத் தனியாகச் சட்டை வேறு போட்டிருந்தார். ஆகாயத்தாமரைக்கு நடுவில் வெள்ளையாக ஏதோ அசைய, "பேசாதீங்க" என்று என்னை அடக்கிவிட்டு, குப்புறப் படுத்துச் சுட்டுத் தள்ளினார். நான் பைனாகுலரில் பார்த்தேன். மீன் பெட்டியின் தெர்மாகோல் மூடி.

சொல்லத்தான் வாயெடுத்தேன். ஆனால் அந்த மனுஷன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். பனி ஆரம்பித்ததிலிருந்து என் கஸ்டமர் யாரும் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. திரும்பும்போது பாதி வழியில் கேமராவில் பெரிதாக்கிப் பார்த்தவர் லென்ஸைக் கழற்றிப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து மூடினார். அவர் இறங்கிப் போனதும் செல்வம் என்னைப் பார்த்துச் சொன்னார்: "விடுக்கா, அதுவும் வெளியூர்லேர்ந்து வந்ததுதான்."

அமைதி ஊர்வலம்

பறவை வரவில்லை என்றால் எனக்கு மட்டும் நஷ்டமில்லை என்று அப்போதுதான் ஊருக்கு உறைத்தது. ஹோட்டல்காரர்கள், கரையில் டீக்கடை வைத்தவர்கள், காலேஜ் பிள்ளைகள், வலை போடுகிறவர்கள் எல்லாரும் ஒரு கல்யாண மண்டபத்தில் கூடி ஏரியைக் காப்பாற்றக் குழு அமைத்தார்கள். மனை போட்டவர் மட்டும் வரவில்லை, ஆனால் சாப்பாடு அவர் உபயம். மேடையில் ஏறின எல்லாரும் பல்லுயிர், பல்லுயிர் என்றார்கள். என் பக்கத்திலிருந்த பெரியவர் இது பல் டாக்டர்கள் கூட்டமா என்று என்னை ரகசியமாகக் கேட்டார். கடைசியில், சத்தம்தான் பறவைக்கு முதல் எதிரி, ஆகவே மக்களுக்கு விழிப்புணர்வு ஊட்ட ஏரிக்கரையில் ஊர்வலம் போவது என்று ஏகமனதாக முடிவானது.

போனோம். முன்னால் தாரை தப்பட்டை, பின்னால் மைக் செட் வைத்த குட்டி யானை வண்டி. 'ஏரியில் அமைதி காப்போம்' என்று மைக்கில் கத்தின கத்தில் கரை அதிர்ந்தது. நாணலுக்குள் எங்கேயோ ஒளிந்திருந்த நாலைந்து தாழைக்கோழிகளும் இரண்டு கொக்குகளும் எழுந்து, சேதராப்பட்டுப் பக்கமாகப் போய்விட்டன. வெட்கக்கேடு, தப்பட்டைக்குக் கை தட்டினவர்களில் நானும் ஒருத்தி. கரையில் கெண்டை மீன் விற்றுக்கொண்டிருந்த அம்மா கூடையிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார்: "இருந்த நாலும் போச்சு. இனிமே நிம்மதியா காப்பாத்துங்க."

கனார்

மார்கழிக் கடைசியில் பிரான்ஸிலிருந்து ஓய்வுபெற்ற டீச்சரம்மா ஒருவர் வந்தார். வெறும் தண்ணீரைப் பார்த்தபடி கரையில் நின்றோம். இந்தப் பக்கம் ஊசிவால் வாத்து, அந்தப் பக்கம் கிளுவை வாத்து என்று, முன்னே எது எது எங்கே இறங்கும் என்பதைக் கையால் காட்டினேன். பாதி பிரெஞ்சு, பாதி இங்கிலீஷ், மீதி வாத்து பாஷை. தொண்டை வலிக்கிற மட்டும் கத்திக் காட்டினேன். அந்தம்மா சிரித்துச் சிரித்து என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

மறுநாள் இன்டர்நெட்டில் அவர் பிரெஞ்சில் எழுதியதில் எனக்குப் புரிந்த ஒரே வார்த்தை, கனார். தலைகால் புரியாமல் போனை எடுத்துக்கொண்டு ஓடினேன். "பார்த்தீங்களா மிசே, வாத்துன்னு எழுதியிருக்காங்க!" மிசே படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடியும் படித்தார். பிறகு, பிரெஞ்சில் கனார் என்றால் வாத்துதான், ஆனால் பேப்பரில் வருகிற பொய்ச் சேதிக்கும் அதே பெயர்தான் என்று விளக்கினார். அன்றிலிருந்து கெஸ்ட் ஹவுஸில் எல்லாப் பொய்க்கும் அதுவே பெயராகிவிட்டது. தண்ணி லாரி இதோ வந்துட்டிருக்கு என்று டிரைவர் போனில் சொன்னால் சமையல்காரர் உட்பட எல்லாரும் 'கனார்' என்பார்கள். அன்றைக்கு மிசே போனை என் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "வாத்துன்னு எழுதலம்மா, நீ வுட்டது புளுகுன்னு எழுதியிருக்கா."

பனியின் கடைசி நாள்

கடைசி டூருக்குக் கோயம்புத்தூரிலிருந்து தேனிலவு ஜோடி. அவர்கள் ஒருவரை ஒருவர் பார்ப்பதும் இருவரும் சேர்ந்து போனைப் பார்ப்பதுமாக இருந்தார்கள். பனி விலகிக்கொண்டிருந்தது. திடீரென்று தலைக்கு மேல் விசில் மாதிரி ஒரு சத்தம். ஊசிவால் வாத்துகள். ஒரு சுற்றுச் சுற்றி, காலை முன்னால் நீட்டி, தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வரிசையாக இறங்கின. எனக்கு அழுகை வந்துவிட்டது. "பாருங்க, பாருங்க" என்றேன். ஜோடி ஏரிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பின்னால் ஏரியே தெரியாதபடி முகம் நிறையச் செல்ஃபி எடுத்தது. நான் எடுத்த போட்டோவில் வாத்துகள் ரசத்தில் மிதக்கிற மிளகு மாதிரி விழுந்தன.

"குழுவுக்குப் போன் போடுக்கா, ஊரே சாட்சிக்கு வந்துடும்" என்றார் செல்வம். வரும்தான், தப்பட்டையோடு வரும். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மிசேயை மட்டும் கூப்பிட்டேன். பதற்றத்தில் தமிழ் மறந்துபோய், அவர் கற்றுக்கொடுத்த வார்த்தைதான் வாயில் வந்தது. "கனார், மிசே! கனார்! கனார்!" மிசே அன்பாகச் சொன்னார்: "நீயே ஒத்துக்கினியே, அது போதும்மா. ஆட்டோல ஏறி வா, செவுத்தாண்ட ஆளுங்க காத்துக்கினு இருக்காங்க."

இப்போது ஒயிட் டவுனில் சுவர் காட்டுகிறேன், அதில் ஒரு சுவரில் யாரோ வரைந்து வைத்திருக்கிற வாத்தின் முன்னால்தான் கூட்டம் ஜாஸ்தி, அது பொய்யா என்று இதுவரை ஒருத்தரும் கேட்கவில்லை.