பக்கத்துக் கட்டிலின் மருந்து

மருமகளிடம் வேலை வாங்கத்தான் கால் வராதவள்போல் படுத்துக் கிடந்தாளா? சொல்கிற வாய் வெந்துபோகும். தையற்காரி நடித்தாள்தான், யார் இல்லையென்றது? ஆனால் அது பக்கத்துக் கட்டில் டீச்சர்மேல் இருந்த வயிற்றெரிச்சலில்.

இருவருக்கும் ஒரே நாளில் பக்கவாதம் வந்தது. மூளைக்குப் போகிற குழாயில் ரத்தம் உறைந்து அடைத்துக்கொண்டதாம். அந்த அடைப்பைக் கரைக்கும் ஊசியில் பழையது ஒன்று, புதியது ஒன்று. எது மேல் என்று அந்த ஆஸ்பத்திரியில் சோதித்துக்கொண்டிருந்தார்கள். வீட்டார் சம்மதித்ததும் ஊசி போட்டார்கள். யாருக்கு எது என்று போட்ட நர்ஸுக்கே தெரியாது.

தையற்காரிக்கு மட்டும் தெரிந்துவிட்டது! டீச்சர் மறுநாளே உட்கார்ந்து தலை வாரினாள். இவளுக்கோ மெஷின் மிதிக்கிற வலது கால் மரக்கட்டையாகக் கிடந்தது. அது போனால் பிழைப்பே போச்சு.

"படிச்சவளுக்குப் புதுசு, நமக்குப் பழசு. ஊருக்கெல்லாம் ஓரம் அடிக்கிற எனக்கே ஓரவஞ்சனையாடா?" என்று மகனிடம் பொருமினாள்.

சில நாளில் அவள் காலிலும் உயிர் வந்தது. போர்வைக்குள் பெருவிரலை ஆட்டிப் பார்த்தாள். ஆள் இல்லாதபோது கட்டிலைப் பிடித்து நின்றும் நடந்தும் பார்த்தாள். வாயைத் திறக்கவில்லை. தேறிவிட்டாள் என்று தெரிந்தால் புது ஊசி கிடைக்காதே! டாக்டர் காலைத் தூக்கச் சொன்னால் அசையாமல் கிடந்தாள்.

"அந்தம்மாவுக்குப் போட்டதை எனக்கும் போடுங்க டாக்டர்."

"அடைப்பு வந்த சில மணி நேரத்துக்குள்ள போடுற ஊசிம்மா அது. இப்பப் போட்டா ஆபத்து. நீங்க காலைத் தூக்கலைன்னா, உங்களுக்குப் போட்ட மருந்து சரியா வேலை செய்யலைன்னுதான் நான் குறிக்கணும்."

"குறிச்சுக்கோங்க. பழசுன்னா அப்படித்தான்." முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

டீச்சர் வீட்டுக்குக் கிளம்பும் நாள் வந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு கட்டிலருகே வந்து நின்றாள்.

"வரட்டுமா அக்கா? எனக்குன்னு வாங்கின சக்கர நாற்காலியை இங்கேயே விட்டுட்டுப் போறேன். உங்களுக்குத்தான் இனிமே அது வேணும்."

நல்ல மனசோடுதான் சொன்னாள். ஆனால் தையற்காரிக்கு உச்சந்தலை வரை பற்றிக்கொண்டது. போர்வையை உதறினாள். கட்டில் கம்பியைப் பிடித்து எழுந்தாள். வலது கால் கொஞ்சம் இழுத்தது, ஆனாலும் தாங்கியது. பக்கத்தில் நின்ற மகன் வாயைப் பிளந்தான். டீச்சருக்குச் சீட்டு எழுதிக்கொண்டிருந்த டாக்டர் பேனாவோடு அப்படியே நின்றுவிட்டார்.

"டாக்டர், எனக்குப் போட்டதும் நல்ல மருந்துதான். இதையும் சேர்த்துக் குறிச்சுக்கோங்க."

"அக்கா, மெதுவா!" என்று பதறினாள் டீச்சர்.

"நீங்க மெதுவா வாங்க" என்று சொல்லிவிட்டு, டீச்சருக்கு ஒரு முழம் முன்னால் தையற்காரி வாசலைத் தாண்டினாள்.